அமரர் சவுரி, கிடார்

தர்மபுரி பஸ் நிலையத்தில் காலை பத்தேகாலுக்குப் புறப்பட வேண்டிய பென்னாகரம் வண்டி அன்றைக்குப் பத்தரை ஆகியும் நகரவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்தாயிற்று. கண்டக்டர் டிரிப் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதை வாங்கி நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய டைம் கீப்பர் சவுரியப்பன், பேனாவைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுவிட்டார். அந்தத் தனியார் பஸ் கம்பெனிக்கு இருபத்திரண்டு வருஷமாக நேரம் பார்க்கிறவர். ஒரு நிமிஷம் தாமதமானால் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிற மனிதர். கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை தோளைத் தொட்டார். சவுரியப்பன் திரும்பிப் பார்க்காமலே கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தார். நேரம் எழுதவில்லை.

எதிர்ப்பக்கம் இருந்தது நூர் பாஷாவின் கேசட் கடை. அது 1987ஆம் வருஷம். ஊரில் இளவட்டங்கள் பிரேக் டான்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்த காலம். இதுதான் சமயம் என்று ஒரு ரெக்கார்டு கம்பெனி, கால் நூற்றாண்டுக்கு முந்தைய ராக் அண்ட் ரோல் சினிமாப் பாட்டுகளைத் தூசி தட்டி எடுத்து, படத்துக்கு ஒரு இசைத்தட்டாக மறுபடி வெளியிட்டிருந்தது. அப்படி மூன்று தட்டுகள் சேலத்திலிருந்து முந்தின நாள்தான் நூர் பாஷாவுக்கு வந்திருந்தன. அதில் ஒன்றைத்தான் அவர் வாசல் ஸ்பீக்கரில் அலறவிட்டிருந்தார். 'ராக்கெட் ராஜாத்தி' என்று ஒரு படம். 61இல் வந்து இரண்டே வாரத்தில் பெட்டிக்குள் போன படம்.

டிரம்ஸ் தடதடவென்று ஓடிவந்து நின்றது. சாக்ஸஃபோன் ஒரு கத்து கத்தியது. பாடிக்கொண்டிருந்த ஆணும் பெண்ணும் ஒதுங்கிக்கொள்ள, ஒரு கிடார் மட்டும் தனியாகக் கிளம்பிப் படிப்படியாக மேலே ஏறியது. ஏறுகிற வழியில் 'டிங்' என்று ஒரு சத்தம். மற்றவர்கள் காதுக்கு அது தாளத்தோடு சேர்ந்த சத்தம். சவுரியப்பனுக்குத் தெரியும், அது கம்பி அறுந்த சத்தம். மிச்சமிருந்த ஐந்து கம்பிகளை வைத்துக்கொண்டு அந்த வாசிப்பைக் கடைசிவரை கொண்டுபோனவர் அவர்தான்.

சவுரியப்பன் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுச் சாமியார் ஒருவரிடம் கிடார் பழகிக்கொண்டு, இருபது வயதில் மொரப்பூரில் ரயிலேறி மதராஸுக்குப் போனார். ஐந்து வருஷம் சினிமா ஸ்டூடியோக்களில் வாசித்தார். அங்கே அவருக்குத் 'தர்மபுரி சவுரி' என்று பெயர். அதே குழுவில் அக்கார்டியன் வாசித்த ஞானாதிக்கத்தின் வீட்டு மாடியில்தான் தங்கலும் சாப்பாடும். 61இல் தாத்தாவுக்கு முடியவில்லை என்று கடிதம் வந்து ஊருக்குப் புறப்பட்டவர், திரும்பிப் போகவே இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்வார், வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள் என்று. அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். வீட்டு ரேடியோவில் அந்தக் காலத்துப் பாட்டு வந்தால் நிறுத்திவிடுவார். 'ராக்கெட் ராஜாத்தி' படத்தை அவர் பார்க்கவில்லை. அப்போது வந்த சின்னத் தட்டில் இடம் போதாமல் கிடார் பகுதியை வெட்டிவிட்டார்கள் என்றும் கேள்வி. ஆக, வாசித்த நாளுக்குப் பிறகு தன் வாசிப்பை அவர் காதால் கேட்பது இதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்ததும் கால் தானாகக் கடைக்குள் போயிற்று. தட்டின் அட்டையைக் கொடுக்கச் சொன்னார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ நிறைய அச்சடித்திருந்தது. மூக்குக் கண்ணாடி மேசையிலேயே தங்கிவிட்டது. படித்துச் சொல்லும்படி நூர் பாஷாவிடம் கேட்டார். நூர் பாஷாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், பாட்டென்றால் உயிர். குரலைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'இத்தட்டில் ஒலிக்கும் கிடார், எங்கள் அருமை நண்பர் அமரர் தர்மபுரி சவுரி வாசித்தது. படம் முடியும் தறுவாயில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. போன மறுநாளே அவர் காலமான செய்தி தந்தியில் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அன்று எங்களில் ஒருவரும் வாத்தியத்தைத் தொடவில்லை. வாசிப்பவர்கள் பெயரைத் தட்டில் போடும் வழக்கம் அந்நாளில் கிடையாது. இருபத்தாறு வருடம் கழித்து இப்போதுதான் அவர் பெயரை அச்சில் பார்க்கிறோம். இத்தட்டு அவர் நினைவுக்கு. இப்படிக்கு, அக்கார்டியன் ஞானாதிக்கம்.'"

நூர் பாஷா அட்டையைத் தாழ்த்தினார்.

"பாவம்ங்க. நம்மூர்க்காரராம் பாருங்க. உங்க வயசுதான் இருந்திருக்கும். உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"எப்படி ஆளுங்க?"

"ரோஷக்காரன்," என்றார் சவுரியப்பன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தார்.

காரிமங்கலம் வண்டிக்காரர் வணக்கம் வைத்தார். சவுரியப்பன் பதில் வணக்கம் வைக்காமல், இவர் என்னைப் பார்த்துத்தான் வைக்கிறாரா என்பதுபோல அவரையே பார்த்தார். டீக்கடைக் கண்ணாடியில் முகம் தெரிந்தது. நரைத்த மீசை, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். இருபத்தைந்து வயதில் செத்துப்போனவனுக்கு இவ்வளவு நரையா என்று ஒரு நினைப்பு வந்தது. வேலை நேரத்தில் ஒரு நாளும் வீட்டுக்குப் போகாதவர், அடுத்த வண்டிக்குக் கண்டக்டரையே நேரம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோயில் தெருவிலிருக்கிற வீட்டைப் பார்க்க நடந்தார்.

மனைவி சாலம்மாள் முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் முறம் கையை விட்டு நழுவியது. நெஞ்சுவலியா, தலைசுற்றலா என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தாள்.

"நான் செத்துட்டேனாம், சாலா," என்றார் சவுரியப்பன். "இருபத்தாறு வருசம் ஆச்சாம்."

அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள் சாலம்மாள். அதிர்ச்சி அவளுக்கும்தான். ஆனால் அவளுக்கு அதிர்ச்சி வந்தால் பேச்சு குறைந்து கேள்வி கூடும். தந்தி என்று போட்டிருக்கிறதே, யார் அடித்த தந்தி என்றாள். சவுரியப்பனுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து அதற்கப்புறம் ஏதாவது வந்ததா என்றாள். வந்தது. ஒரே ஒரு கடிதம். அதை அவர் இத்தனை வருஷமும் தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். ஆசையாக வைத்திருக்கவில்லை. மதராஸ் ஞாபகம் வருகிறபோதெல்லாம் எடுத்துப் படித்து, வந்த ஞாபகத்தை மிதித்துப் போடுவதற்காக வைத்திருந்தார்.

சாலம்மாள் அதைப் பிரித்து வாய்விட்டுப் படித்தாள். ஞானாதிக்கத்தின் கையெழுத்து. சவுரியப்பனின் அப்பா பெயருக்கு எழுதியிருந்தது. 'சவுரியப்பன் காலமான செய்தி கிடைத்தது. உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். ஞாயிறு பூசையில் அவர் ஆன்மாவுக்காக வேண்டிக்கொண்டோம். கிடார் வாசிக்க வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். பெட்டியும் கிடாரும் இங்கே பத்திரமாக இருக்கின்றன. யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.' அவ்வளவுதான்.

சவுரியப்பனின் தாத்தா பெயரும் சவுரியப்பன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்த வீட்டு வழக்கம். தாத்தா செத்ததற்குத்தான் துக்கம் விசாரித்திருக்கிறான் என்று இவர் நினைத்தார். விசாரித்த கையோடு, நீ இனி வரவேண்டாம், உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று எழுதியிருக்கிறான் என்றும் நினைத்தார். அதுவும் தன் பெயருக்கு ஒரு வரி எழுதாமல் அப்பாவுக்கு எழுதியதை அவரால் தாங்க முடியவில்லை. ஐந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவன். நீ வைத்துக்கொள் உன் கிடாரை என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, அதோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சாலம்மாள் கடிதத்தை மறுபடி ஒருதரம் மெதுவாகப் படித்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது உங்க தாத்தாவுக்கு எழுதுனதில்லீங்க," என்றாள். "உங்களுக்கு எழுதுனது."

அதற்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக விளங்கிற்று. தாத்தாவுக்கு முடியவில்லை என்று கடிதம் கிடைத்து இவர் மதராஸில் ரயிலேறிய அன்றே தாத்தா போய்விட்டார். மகன் புறப்பட்டானோ இல்லையோ என்று தெரியாத அப்பா, தபாலாபீசுக்கு ஓடி, கையிலிருந்த ஒரே விலாசத்துக்கு, அதாவது ஞானாதிக்கத்துக்கு, தந்தி அடித்திருக்கிறார். தந்தியில் உறவுமுறை எழுதவில்லை. சவுரியப்பன் காலமானார். அவ்வளவுதான் வாசகம். முந்தின நாள் வண்டியேற்றி அனுப்பிய நண்பன் செத்துப்போனான் என்றுதான் படித்தவர் நினைத்திருப்பார். அந்தத் தந்தியைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. மகன்தான் வந்துவிட்டானே, சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார். இப்போது கேட்கலாமென்றால் அவரும் இல்லை.

சவுரியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். செத்துப்போனோம் என்ற அதிர்ச்சி போய், அதைவிடப் பெரிய ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. யாரும் தன்னைத் துரத்தவில்லை. யாரும் துரோகம் செய்யவில்லை. தன்னை நினைத்து அழுதிருக்கிறார்கள். ஒரு கார்டு எழுதிப் போட்டு, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தால் அடுத்த வாரமே ஞானாதிக்கம் ஓடி வந்திருப்பான். அந்தக் கார்டை எழுதவிடாதது எது என்று அவருக்குத் தெரியும். சாலம்மாளுக்கும் தெரியும்.

மறுநாள் நூர் பாஷாவிடம் போய், அந்த அமரர் நான்தான் என்றார். நூர் பாஷா முதலில் சிரித்தார். அப்புறம் இவர் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். நேற்றைக்கு அவர் முன்னாலேயே அவர் சாவைப் படித்துக் காட்டியதை நினைத்து மனிதருக்கு வாய் குழறியது. சேலம் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, அவர் மூலமாகக் கம்பெனியைப் பிடித்து, ரெண்டு நாளில் ஞானாதிக்கத்தின் டெலிபோன் நம்பரை வாங்கிக் கொடுத்தார்.

தபாலாபீசில் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் பெஞ்சில் காத்திருந்தார்கள். லைன் கிடைத்தது. அந்தக் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் அதே குரல்.

"யாரு பேசறது?"

"சவுரி பேசறேன்."

"எந்தச் சவுரி?"

"தர்மபுரி சவுரி. கிடார்."

செத்தவன் பெயரைச் சொல்லி விளையாட வெட்கமாயில்லையா என்று ஒரு அதட்டல். போனை வைத்துவிட்டார்கள்.

மறுபடி பதிவு செய்து ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். இந்தத் தடவை சவுரியப்பன் பெயரைச் சொல்லவில்லை. எடுத்தவுடன் படபடவென்று சொன்னார்.

"ரெண்டாவது டேக்குல கம்பி அறுந்துச்சு. நான் நிறுத்தப் போனேன். நீ அக்கார்டியன் பெல்லோஸ இழுத்துக்கிட்டே, நிறுத்தாதேன்னு தலைய ஆட்டின. முடிஞ்சப்புறம் யார்கிட்டயும் மூச்சுவிடாதேன்னு சொன்ன. நான் இன்னிக்கி வரைக்கும் விடல."

எதுவோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல், யாருங்க நீங்க, இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், கேட்டால் பேசமாட்டேன் என்கிறார் என்று பதறியது. சாலம்மாள்தான் ரிசீவரை வாங்கி, விஷயத்தை நாலு வார்த்தையில் சொல்லி, விலாசத்தையும் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதராஸ் பஸ்ஸிலிருந்து ஞானாதிக்கம் இறங்கினார். அறுபதைத் தாண்டியவர், வழுக்கை, வெள்ளை வேட்டி. சவுரியப்பன் முன்னால் வந்து நின்று, உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார். கையைப் பிடித்து, விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, டிரைவர் கண்டக்டர்களெல்லாம் பார்க்கப் பார்க்க, ஓங்கிக் கன்னத்தில் ஒரு அறை விட்டார். டைம் கீப்பரை ஒருவர் அடிப்பது அந்த ஊர் அதுவரை பார்க்காத காட்சி. ரெண்டு கண்டக்டர்கள் ஓடி வந்தார்கள். சவுரியப்பன் கையைக் காட்டி அவர்களைத் தடுத்தார்.

"ஒரு கார்டு," என்றார் ஞானாதிக்கம். "இருபத்தாறு வருஷத்துல ஒரு கார்டு போடக்கூடாதாடா?"

சவுரியப்பன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ஞானாதிக்கம் தன் கையெழுத்தைத் தானே படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அப்படியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "சவுரின்னா அப்பாவுக்குப் புரியாதோன்னு முழுப் பேரை எழுதினேன்," என்றார். ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் அழுதார்கள்.

மத்தியானம் சாலம்மாள் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, நண்பர்கள் நூர் பாஷா கடைக்கு வந்தார்கள். கடையில் அன்றைக்கு வேறு யாருக்கும் பாட்டு இல்லை. நூர் பாஷா ரெண்டு ஸ்டூலைப் போட்டு, 'ராக்கெட் ராஜாத்தி' தட்டை முதல் பாட்டிலிருந்து வைத்தார். கம்பி அறுந்த இடம் வந்தபோது ரெண்டு கிழவர்களும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டைத் திருப்பிப் போட்டார் நூர் பாஷா. பின்பக்கத்து மூன்றாவது பாட்டுதான் பிரமாதம் என்றார். அதற்காகவே இதுவரை பதினைந்து பேர் கேசட் பதிந்துகொண்டு போயிருக்கிறார்களாம். இந்தக் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று சவுரியப்பனின் கையைக் காட்டினார்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. கிடார் அதில் அவசரப்படவில்லை. பாடுகிறவள் விட்ட இடைவெளிகளில் புகுந்து, சிரிக்கிற மாதிரி ரெண்டு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. கடைசியில் யாரும் எதிர்பாராத ஒரு ஸ்வரத்தில் இறங்கி அப்படியே நின்றது. சவுரியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"இது நான் இல்லையே," என்றார்.

ஞானாதிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பாட்டு சவுரி போன பிறகு பதிவானது. வாசித்தது ரூபன் என்கிற பையன், அப்போது பத்தொன்பது வயது. சவுரிக்குப் பதிலாக வந்தவன். அட்டையில் எழுதும்போது இறந்தவன் பெயர் தனியாக விளங்கவேண்டும் என்பதற்காகத் தட்டு முழுவதையும் சவுரியின் கணக்கில் போட்டுவிட்டார். ரூபனிடம் கேட்டுத்தான் போட்டார். ரூபன் இன்றைக்கும் மதராஸில் ஓட்டல்களில் வாசித்துக்கொண்டிருக்கிறார். எத்தனையோ படங்களில் வாசித்தும் ஒரு தட்டிலும் அவர் பெயர் வந்ததில்லை.

"செத்தவருக்குத்தானே அண்ணே, போட்டுக்குங்கன்னு சொல்லிட்டான்," என்றார் ஞானாதிக்கம்.

சவுரியப்பன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். தான் செத்துப்போனதாகக் கேட்டபோதுகூட அவருக்கு இப்படி இருக்கவில்லை. 'வேறு ஆள்' என்று அந்தக் கடிதத்தில் வந்த ஒருவனை இருபத்தாறு வருஷமாக மனசுக்குள் வைத்து வெறுத்திருக்கிறார். முகம் தெரியாத அவனுக்கு ஒரு முகம் கொடுத்து, எண்ணெய் வழியும் தலை கொடுத்து, அவன் தாளம் தப்பி வாசிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறார். அவன் வாசிப்பு இது. தன்னுடையதைவிட நல்ல வாசிப்பு. அதையும் தனக்கென்று விட்டுக்கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்.

பாட்டை மறுபடி வைக்கச் சொன்னார். மூன்று தடவை கேட்டார். பிறகு நூர் பாஷாவிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பின்பக்கத்து மூன்றாவது பாட்டின் கிடார் ரூபன் வாசித்தது, தன்னுடையதல்ல, உடனே திருத்த வேண்டும் என்று முதலில் எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஞானாதிக்கத்திடம் நீட்டினார். நீ உயிரோடிருப்பதை எழுதவில்லையே என்று அவர் சுட்டிக்காட்டிய பிறகுதான், அடியில் ஒரு வரியாக அதையும் சேர்த்தார்.

கம்பெனியிலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. தவறுக்கு வருந்துவதாகவும், அடுத்த பதிப்பில் ரெண்டையும் திருத்துவதாகவும் எழுதியிருந்தார்கள். பிரேக் டான்ஸ் மோகம் இறங்கிவிட்டது, அடுத்த பதிப்பு வரவில்லை. அட்டையில் சவுரி இன்றைக்கும் அமரர்தான்.

நூர் பாஷா மட்டும் ஒரு வேலை செய்தார். அந்தத் தட்டைக் கேசட்டில் பதிந்து கேட்டவர்களுக்கெல்லாம், உள்ளே வைக்கிற சீட்டைச் சவுரியப்பனிடம் கொடுத்து எழுதி வாங்கினார். பஸ் வராத நேரங்களில் டைம் கீப்பர் மேசையில் உட்கார்ந்து அவர் அச்சுக்கோத்த மாதிரி எழுதிக் கொடுப்பார். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அதற்குக் கீழே பின்பக்கத்து மூன்றாவது பாட்டுக்குக் கிடார் ரூபன் என்று, மற்றதற்கெல்லாம் கிடார் சவுரி என்று. அந்த வருஷம் முடிவதற்குள் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பென்னாகரத்துக்கும் காரிமங்கலத்துக்கும் அறுபது எழுபது கேசட்டுகள் அப்படிப் போயின. தையில் சவுரியப்பன் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, சாலம்மாளையும் கூட்டிக்கொண்டு ரூபனைப் பார்க்க மதராஸுக்குப் பஸ் ஏறினார்.